சுவரில் இருக்கும் அரசன் யாரைப் பார்க்கிறான்?

வணக்கம் ஐயா,

பழைய அசீரியாவின் தலைநகரான நினிவேயின் அரண்மனைச் சிற்பங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். யூதா நாட்டு லாகீஸ் நகரை அசீரியர் முற்றுகையிடும் காட்சியில், மதிலிலிருந்து எறியப்படும் தீப்பந்தங்களால் இடிபொறி பற்றிக்கொள்ளாதபடி ஒரு வீரன் நீண்ட காம்புள்ள அகப்பையால் அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதைச் சொல்லி, அதைச் செதுக்கியவனின் கண்ணை வியந்திருந்தீர்கள். படித்ததும் அந்தச் சிற்பத்தின் படத்தைத் தேடிப் பார்த்தேன். எனக்கு அகப்பை கண்ணில் படவே நேரமாயிற்று. அதற்குமுன் தரையில் கிடத்தி, கைகால்களை இழுத்துக் கட்டி, தோலுரிக்கப்படும் இரண்டு மனிதர்கள் பட்டுவிட்டார்கள். அவர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

பழைய நகரங்களின் பெரிய சிலைகள், தூண்கள், வளைவுகள் எல்லாமே அரசர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொண்ட விளம்பரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத மக்களை மிரட்டவும் மயக்கவும் செய்த ஏற்பாடு. மக்களும் ஏமாந்தார்கள். இரண்டாயிரம் ஆண்டு கழித்து நாமும் 'என்ன கலை நயம்!' என்று அதே ஏமாற்றுக்குள் போய் விழுகிறோமா? இப்படிப்பட்ட எதுவும் இல்லாமல் ஒரு பெரிய நகரமாவது அன்று இருந்ததா? கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் மன்னிக்கவும்.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். இது அந்த வகைக் குட்டு, வாங்கிக்கொள்கிறேன். அந்த இருவரையும் நான் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு அகப்பைக்குத் தாவிவிட்டேன். நல்ல விவரம் ஒன்று கையில் சிக்கிவிட்டால் எழுதுகிறவனுக்கு வரும் சபலம்.

ஆனால் அதே சுவரில் நாம் இருவருமே பேசாத இன்னொன்று இருக்கிறது. லாகீஸ் நகரை அசீரிய அரசன் சனகெரிப் பிடித்தது கி.மு. 701-இல். காட்சியின் வலப்பக்கம் அவன் உயர்ந்த அரியணையில் உட்கார்ந்திருக்கிறான். அவனை நோக்கி வரிசை நகர்கிறது: சூறையாடிய பொருட்களைச் சுமக்கும் வீரர்கள், மாட்டுவண்டியில் மூட்டைகளின்மேல் உட்கார்ந்த பெண்களும் குழந்தைகளும். 'உலகின் அரசன், அசீரியாவின் அரசன் சனகெரிப் அரியணையில் அமர்ந்தான். லாகீஸின் சூறைப்பொருள் அவன்முன் சென்றது' என்று பக்கத்திலேயே எழுத்து. இவ்வளவும் பிழைத்திருக்கிறது. அவன் முகம் மட்டும் இல்லை. அந்த இடம் கொத்தப்பட்டுக் குழியாகிக் கிடக்கிறது. கி.மு. 612-இல் பாபிலோனியரும் மேதியரும் நினிவேயில் புகுந்தபோது நடந்த வேலையாக இருக்க வேண்டும். அவன் பேரன் அசுர்பானிபால் தோட்டத்தில் ராணியோடு விருந்துண்ணும் புகழ்பெற்ற சிற்பத்திலும் இதே கதைதான். மரத்தில் ஏலாம் (இன்றைய தென்மேற்கு ஈரான்) நாட்டு அரசனின் வெட்டிய தலை தொங்குகிறது, அதை யாரும் தொடவில்லை. அரசன், ராணி இருவர் முகத்திலும் உளி விழுந்திருக்கிறது.

ஊர் எரிந்துகொண்டிருக்கிறது, அள்ள வேண்டிய செல்வம் கண்முன் குவிந்து கிடக்கிறது. அப்போது ஒருவன் உளியும் சுத்தியலுமாக நின்று, நூற்றுக்கணக்கான உருவங்களில் சரியான முகத்தைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் கொத்துகிறான். அந்தச் சுவரை இவ்வளவு கவனமாக வேறு யாரும் படித்ததில்லை. உங்களுக்கான என் பதில் இவனிடமிருந்துதான் கிளம்புகிறது. இந்தக் கற்கள் முதலில் பேசியது தெருவில் போகிற குடியானவனோடு இல்லை என்று நினைக்கிறேன். அடுத்து வரப்போகிற அரசனோடு.

மக்கள் ஏமாந்தார்கள் என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அங்கேதான் எனக்கு உங்களோடு சண்டை. நிம்ருத் என்று இன்று சொல்லப்படும் கல்ஹு நகரத்தில் இரண்டாம் அசுர்நசிர்பால் புது அரண்மனை கட்டி முடித்தபோது பத்து நாள் விருந்து வைத்தான். கணக்கைக் கல்லிலேயே பொறித்து வைத்திருக்கிறான்: மொத்தம் 69,574 பேர். அதில் நாடெங்குமிருந்து வரவழைத்த ஆண்களும் பெண்களும் 47,074. அயல்நாட்டுத் தூதர்கள் 5,000. ஊர்க்காரர்கள் 16,000. அரண்மனை அதிகாரிகள் 1,500. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். (தன் பெருமையை இவ்வளவு துல்லியமாகக் கூட்டி வைத்த அரசனைப் பார்த்தால் எனக்குக் கணக்குப்பிள்ளை ஞாபகம்தான் வருகிறது.) அந்த 47,074 பேரில் பெரும்பகுதி அந்த நகரத்தைக் கட்டியவர்களாகவே இருக்க வேண்டும். 'நான் வலியவன்' என்று அவர்களுக்குச் சுவரில் படம் போட்டுக் காட்ட வேண்டிய தேவை என்ன? அவர்கள் தோளில் இருந்த கயிற்றுத் தழும்பு அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கும்.

சனகெரிப்புக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. மனிதத் தலையும் சிறகும் கொண்ட காளைகள் அரண்மனை வாயிலில் நிற்குமே, அவற்றை எப்படிக் கொண்டுவந்தான் என்பதையே தனிச் சிற்ப வரிசையாகச் செதுக்க வைத்தான். பாதி வடித்த காளை மரச்சறுக்கு வண்டியின்மேல் படுத்திருக்கிறது. கயிறு பிடித்து இழுக்கும் கூட்டம் போர்க் கைதிகள். பின்னால் பெரிய நெம்புகோல் போட்டுக் கிளப்புகிறார்கள். மேற்பார்வையாளர்கள் காளையின்மேலேயே ஏறி நின்று ஆணையிடுகிறார்கள், கீழே தடியோடு சிலர். தேரில் நின்றபடி அரசன் பார்த்துக்கொண்டிருக்கிறான். முடிந்த சிலையைக் காட்டினால் போதாது, இழுத்த பாட்டையும் காட்ட வேண்டும் என்று அவன் நினைத்திருக்கிறான். முப்பது டன், நாற்பது டன் கல்லை ஒரு மனிதனின் விருப்பத்துக்காக ஆயிரம் பேர் நகர்த்துகிறார்கள் என்றால், அரசியல் அங்கேயே நடந்து முடிந்துவிட்டது. செதுக்குவது அதற்குப் பிறகு வரும் கையெழுத்து.

ரோமில் டிராஜன் தூணை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 113-இல் திறந்தது. தண்டு மட்டும் ஏறத்தாழ 30 மீட்டர். அதைச் சுற்றி 23 சுற்றுகளாக மேலே ஏறும் சிற்பப் பட்டையில் 2,500-க்கும் அதிகமான உருவங்கள், டேசியாவில் (இன்றைய ருமேனியா) நடந்த இரண்டு போர்கள், டிராஜன் மட்டும் ஐம்பது முறைக்கு மேல். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நாலைந்து சுற்றுக்குமேல் எதுவும் பிடிபடாது. தொடர்ந்து படிக்க வேண்டுமென்றால் தூணைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். செக்குமாடு மாதிரி நானும் இரண்டு சுற்று வந்து பார்த்தேன், கழுத்துதான் வலித்தது. கதையின் உச்சம், டேசிய மன்னன் டெசிபாலஸ் தன் கழுத்தை அறுத்துக்கொள்ளும் காட்சி, மேல் சுற்றுகளில் இருக்கிறது. மக்களுக்குக் கதை சொல்வதுதான் நோக்கம் என்றால் இதைவிட மோசமான ஏற்பாட்டை யாரும் யோசித்திருக்க முடியாது. அடிபீடத்துக் கல்வெட்டும் போரைப் பற்றிப் பேசவில்லை. இந்த வேலைகளுக்காக எவ்வளவு உயரமான குன்று வெட்டி அகற்றப்பட்டது என்பதைக் காட்டவே இந்தத் தூண் என்கிறது. தூண் ஓர் அளவுகோல். இவ்வளவு மண்ணை அள்ளினேன், உன்னால் முடியுமா?

அந்த 'உன்னால்' யாரென்று பாபிலோன் அரசன் ஹம்முராபி ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறான். அவனுடைய சட்டக் கல் 2.25 மீட்டர் உயரக் கருங்கல். உச்சியில் சூரியக் கடவுள் ஷமாஷின் முன் அரசன் நிற்கிறான், கீழே முழுக்க எழுத்து. முடிவுரையில் இரண்டு பேரை நேராகப் பார்த்துப் பேசுகிறான். ஒருவன் அநீதி இழைக்கப்பட்டவன்: வழக்குள்ளவன் என் உருவத்தின் முன் வரட்டும், கல்லைப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும், மனம் ஆறட்டும் என்கிறான். எழுத்தறியாதவனை ஹம்முராபி மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் கட்சிக்கு இது சாதகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் சில வரிகளில் முடிந்துபோகிறான். மற்றவன் இனி இந்த நாட்டில் தோன்றப்போகிற அரசன். அவனிடம்தான் ஹம்முராபிக்குப் பேசித் தீரவில்லை. என் சொற்களை மாற்றாதே, என் பெயரை அழித்து உன் பெயரை எழுதாதே. எழுதினால் இன்னின்ன கடவுள் இன்னின்ன கேடு செய்யட்டும் என்று ஒவ்வொரு தெய்வமாகக் கூப்பிட்டுச் சாபம் கொடுக்கிறான். குடிமகனிடம் ஆறுதல், வாரிசிடம் சாபம். எங்கே பயம் இருந்தது என்று தெரிகிறதல்லவா?

பயந்தபடியே நடந்தது. கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் ஏலாம் அரசன் ஷுத்ருக்-நஹுந்தே பாபிலோனியாவின்மேல் படையெடுத்து, ஹம்முராபியின் கல் உட்படப் பழைய அரசர்களின் கற்களை வாரிக்கொண்டு தன் தலைநகர் சூசாவுக்குப் போனான். அவற்றில் ஒன்று, அந்தப் படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அக்காத் அரசன் நரம்-சின்னின் வெற்றிக் கல். கடவுளர் மட்டுமே அணியும் கொம்புக் கவசத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, பகைவர் உடல்களை மிதித்தபடி மலையேறுகிறான் நரம்-சின். ஷுத்ருக்-நஹுந்தே அந்த உருவத்தைச் சிதைக்கவில்லை. அரசனுக்கு எதிரே கூம்பாக நிற்கும் மலையின்மேல், அதுவரை வெறுமையாக இருந்த இடத்தில், தன் வாசகத்தை வெட்டினான்: நான் சிப்பாரை அழித்தேன், நரம்-சின் கல்லை எடுத்தேன், ஏலாமுக்குக் கொண்டுவந்து என் கடவுள் இன்சுஷினக்குக்குப் படைத்தேன். நரம்-சின் எவ்வளவு பெரியவனாகத் தெரிகிறானோ அவ்வளவு பெரியவன் அவன் கல்லைத் தூக்கி வந்தவன். அதனால் உருவத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் திருடியவனுக்கே வந்துவிட்டது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தாராசுரத்தில் கிடைத்த சாளுக்கியத் துவாரபாலகர் நினைவுக்கு வருவார். சோழன் முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியத் தலைநகர் கல்யாணபுரத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தது. பீடத்தில் 'கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்' என்று தமிழில் வெட்டியிருக்கும். 'எறிந்து', 'கொடுவந்த'. இரண்டே வினை. நஹுந்தே பல வரிகளில் சொன்னதைச் சோழன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

ரோமானியர்கள் இந்த வித்தையைத் தொழிலாகவே செய்தார்கள். நீரோ தன் பொன்மாளிகை வாயிலில் நூறடிக்கும் மேற்பட்ட வெண்கலச் சிலை ஒன்றை எழுப்பினான். அவன் போனதும் வெஸ்பாசியன் அதைச் சூரியக் கடவுளாக்கினான். ஹேட்ரியன் கோயில் கட்ட இடம் வேண்டுமென்று 24 யானைகளைக் கொண்டு அதை நகர்த்தினான். கொமோடஸ் தலையை எடுத்துவிட்டுத் தன் தலையை வைத்தான். அவனைக் கொன்றபின் மறுபடியும் சூரியன். கொலோசியம் என்ற பெயரே பக்கத்தில் நின்ற இந்தச் சிலையால் வந்தது என்பார்கள். உடல் ஒன்று, தலைகள் வந்து போயின. கி.பி. 315-இன் கான்ஸ்டன்டைன் வளைவில் டிராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் காலத்துச் சிற்பங்களைப் பிடுங்கி வந்து பொருத்தி, முகங்களை மட்டும் மாற்றிச் செதுக்கினார்கள். சிற்பிகளுக்குப் பஞ்சம் வந்துவிட்டது, கலை நசித்துவிட்டது என்று சிலர் இதைச் சொல்வதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நல்ல அரசர்கள் என்று பெயரெடுத்த மூன்று பேரின் உடலில் ஏறி நிற்பதைவிடப் புது அரசனுக்கு வேறென்ன மேடை வேண்டும்?

சரி, மக்கள் எங்கே என்று கேட்பீர்கள். இருந்தார்கள், சிரித்துக்கொண்டிருந்தார்கள். பேரரசன் டொமிஷியன் ரோம் முழுக்க வெற்றி வளைவுகளாகக் கட்டித் தள்ளியபோது, ஒரு வளைவில் யாரோ 'அர்கி' என்று எழுதி வைத்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் சொல்கிறார். லத்தீனில் வளைவுக்கு 'அர்குஸ்'. கிரேக்கத்தில் அதே ஒலிப்புள்ள சொல்லுக்குப் பொருள் 'போதும்'. சிலேடை! கி.பி. 96-இல் டொமிஷியன் கொல்லப்பட்டபோது என்ன நடந்தது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். மக்கள் கண்டுகொள்ளவில்லை. படைவீரர்கள் துக்கப்பட்டார்கள். செனட் உறுப்பினர்கள்தான் ஏணி கொண்டுவரச் சொல்லி, அவன் உருவங்களைக் கண்முன்னே பிடுங்கி எறிய வைத்தார்கள், கல்வெட்டுகளை அழிக்க ஆணையிட்டார்கள். சிலையால் யார் புண்பட்டிருந்தார்களோ அவர்கள்தான் ஏணி தேடினார்கள். அவர்கள் தெருவில் இருந்தவர்கள் இல்லை, அதிகாரத்தில் அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர்கள்.

அரசர்கள் மட்டும்தான் இதைச் செய்தார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஏதென்ஸ் மக்களாட்சி செய்த வேலையைப் பாருங்கள். பாரசீகரை எதிர்க்கக் கூட்டணி நாடுகள் போட்டுவைத்த பொதுப் பணத்தை கி.மு. 454-இல் டீலோஸ் தீவிலிருந்து தன் ஊருக்கு மாற்றியது. சில ஆண்டுகளில் பார்த்தனான் கோயில் எழும்பத் தொடங்கியது. கூட்டாளிகள் காசில் நம் ஊரைப் பகட்டுக்காரி மாதிரி அலங்கரிக்கிறோம் என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிசின் எதிரிகள் சபையில் கத்தியதைப் புளூட்டார்க் பதிவுசெய்திருக்கிறார். உள்ளே ஃபிடியாஸ் செய்த அதீனா சிலை, தந்தமும் தங்கமும். கி.மு. 431-இல் ஸ்பார்ட்டாவோடு போர் மூளும் நேரத்தில் பெரிக்ளிஸ் மக்களுக்குக் கையிருப்புக் கணக்குச் சொல்கிறார்: கப்பம் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு, எதுவும் கைகொடுக்காவிட்டால் தேவியின்மேல் 40 டேலன்ட் சொக்கத் தங்கம் இருக்கிறது, கழற்றும்படியாகத்தான் செய்திருக்கிறோம், எடுத்துக்கொண்டு பிறகு திருப்பி வைத்துவிடலாம். இன்றைய கணக்கில் அது ஒரு டன்னுக்கும் கொஞ்சம் அதிகம். துசிடிடீஸ் இதைப் படு சாதாரணமாக எழுதிவிட்டு நகர்கிறார். எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் உட்கார வேண்டியிருந்தது. தெய்வத்தின் சேலை ஊரின் வங்கி இருப்பு. கும்பிட்டவர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது.

இப்படி எதுவும் இல்லாத நகரம் உண்டா என்றால், உண்டு. மொகஞ்சதாரோ. கி.மு. 2600 முதல் 1900 வரை பல்லாயிரம் பேர் வாழ்ந்த ஊர். 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழத்தில் குளம், தெருவெல்லாம் மூடிய வடிகால். ஆனால் அரண்மனை என்று உறுதியாகக் காட்ட ஒரு கட்டடம் இல்லை, அரச சமாதி இல்லை, வெற்றிக் கல் இல்லை. 'பூசாரி அரசன்' என்று பெயர் வாங்கிய சிலையின் உயரம் 17.5 சென்டிமீட்டர், ஒரு கையில் தூக்கிவிடலாம். அவர் பூசாரியும் இல்லாமல் இருக்கலாம், அரசனும் இல்லாமல் இருக்கலாம், பெயர் வைத்தது நாம். உடனே 'சமத்துவச் சமூகம்' என்று பட்டம் கட்டிவிட எனக்குக் கை வரவில்லை. ஊர் ஊராக ஒரே விகிதத்தில் செங்கல் அறுக்க வைத்தது ஏதோ ஒரு கட்டுப்பாடுதான். அங்கே அதிகாரம் இல்லை என்பதைவிட, அதற்குத் தன் முகத்தைக் காட்டும் தேவை இல்லை என்று சொல்வது பொருந்தும்.

முகம் காட்டும் தேவை எப்போது வருகிறது என்பதற்கு நடு அமெரிக்காவின் மாயா நகரங்களில் ஓர் எடுப்பான கதை இருக்கிறது. கி.பி. 738-இல் கிரிகுவா என்ற சின்ன ஊரின் அரசன், தனக்கு மேலாளாக இருந்த கோபான் நகர மன்னனைப் பிடித்துத் தலையை வெட்டிவிட்டான். பிறகு அந்தச் சின்ன ஊர் கல் நட ஆரம்பித்தது. 771-இல் நட்டது 10 மீட்டருக்கும் அதிக உயரம். மாயா உலகில் அதைவிடப் பெரிய கல் இல்லை. தலையிழந்த கோபான் சும்மா இருந்ததா? அதுவும் தன் பங்குக்குப் படிக்கட்டு முழுக்க மூதாதையர் வரலாற்றை 2,000-க்கும் மேற்பட்ட சித்திர எழுத்துகளில் வெட்டியது. வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் ஒரே நோய். அண்டை ஊர் பார்க்க வேண்டும்.

ரசிக்கலாமா என்று கேட்டீர்கள். நான் ரசிப்பதை நிறுத்தப் போவதில்லை, நீங்களும் கோபப்படுவதை நிறுத்த வேண்டாம். பாரசீகத் தலைநகர் பெர்சிபோலிசில், அபதானா என்ற அரசவை மண்டபத்தின் படிக்கட்டில் 23 நாட்டுக் குழுக்கள் காணிக்கையோடு வருகின்றன. ரத்தம் இல்லை, கயிறு இல்லை. ஒவ்வொரு குழுத் தலைவனையும் ஒருவன் கைபிடித்து அழைத்து வருகிறான். அதில் ஏலாம் குழு, அதே நஹுந்தேயின் நாடு, ஒரு பெண் சிங்கத்தைக் கொண்டுவருகிறது. பின்னால் இரண்டு பேர் அதன் குட்டிகளைத் தூக்கி வருகிறார்கள். சிங்கம் தலையைத் திருப்பிக் குட்டிகளைப் பார்த்து உறுமுகிறது. ஒழுங்காக முன்னோக்கி நகரும் அத்தனை பெரிய வரிசையில் தாய் மட்டும் திரும்பிப் பார்க்கிறாள். பாரசீகப் பேரரசு சொல்லச் சொன்னது அந்தத் திரும்பலை இல்லை. செதுக்கியவன் பெயர் தெரியாது. அங்கு வேலை செய்தவர்களுக்கு அளந்த தானியத்துக்கும் மதுவுக்கும் மண் ஏடுகளில் கணக்கு மட்டும் இருக்கிறது. ஆண் பிள்ளை பெற்ற வேலைக்காரிக்குப் பெண் பிள்ளை பெற்றவளைவிட இரு மடங்கு கொடுத்தார்கள் என்பது வரை.

தோலுரிக்கப்பட்ட அந்த இருவரையும் இதே போல ஒருவன்தான் செதுக்கினான். அகப்பைக்குக் கொடுத்த அதே கவனத்தை அவர்கள் விலா எலும்புக்கும் கொடுத்திருக்கிறான். என் கட்டுரையில் அவர்களைச் சேர்த்து அந்தப் பத்தியைத் திருத்தி எழுதுகிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஹம்முராபி கல்லின் முன்பக்கம், கீழே சில பத்திகள் சுரண்டி மழமழவென்று தேய்க்கப்பட்டிருக்கும். நஹுந்தே தன் பெயரை வெட்டுவதற்காகத் தயார் செய்த இடம் என்று கருதுகிறார்கள். ஆனால் அங்கே அவன் எதுவும் எழுதவில்லை, இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. அதில் இருந்த சட்டங்களில் பலவற்றை அறிஞர்கள் மீட்டுவிட்டார்கள். எழுத்துப் பழகும் மாணவர்களும் எழுத்தர்களும் ஹம்முராபிக்குப் பின் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக அந்தச் சட்டங்களைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்திருந்தார்கள், களிமண் பலகையில்.

அன்புடன்.